கட்டிலில் கட்டிய பெயர்

காலை ரவுண்டு முடிவதற்குள்ளேயே பெரிய சிஸ்டருக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு கையில் மருந்துத் தட்டு, இன்னொரு கையில் டிரிப் பாட்டில், காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். கதவோரக் கட்டிலில் தொடங்கி ஜன்னலோரக் கட்டில் வரை போய்த் திரும்பினால், அதற்குள் கதவோரத்துப் பாட்டில் காலியாகியிருக்கும். ஆண்கள் வார்டு. இரண்டு வரிசைக் கட்டில்களும் நிரம்பி, நடுவில் நடக்கிற பாதையிலும் தள்ளுகட்டில்களைப் போட்டிருந்தார்கள். ஒருவருடைய மலச்சட்டியை எடுக்க வேண்டுமென்றால் இன்னொருவருடைய கட்டிலை நகர்த்த வேண்டும்.

நகர்த்திக்கொண்டிருக்கும்போதுதான் சின்ன சிஸ்டர் வந்தாள். குளித்த முகம், கசங்காத கோட், கழுத்தில் பச்சை நாடாவில் தொங்கும் பேட்ஜ். பேட்ஜில் 'நோயாளி பாதுகாப்பு அலுவலர்' என்று போட்டிருந்தது.

இருவரும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். வீட்டில் கீழ்த்தளம் பெரியவளுக்கு, மாடி சின்னவளுக்கு. ஆஸ்பத்திரியில் சொல்லிச் சின்னவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் பெரியவள்தான். அன்று முதல் ஆயாம்மாவிலிருந்து டாக்டர் வரை எல்லோருக்கும் இவர்கள் பெரிய சிஸ்டர், சின்ன சிஸ்டர்.

இந்தப் பதவி புதிது. ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்று வேண்டுமென்றால், யார் வழுக்கி விழுந்தார், எந்த மருந்து ஆள் மாறிப் போனது, ஏன் போனது என்று பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் இருக்க வேண்டுமாம். மலச்சட்டி தூக்க வேண்டாம். ராத்திரி ஷிப்டு கிடையாது. மருந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேஜை, முதுகு சாய்கிற நாற்காலி. செய்தி காதில் விழுந்த அன்றே பெரியவள் அந்த நாற்காலியில் மனதுக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டாள். இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணைகூட வீட்டிலிருந்து எடுத்துப் போவதாக இருந்தாள். வார்டில் அவளைவிட மூத்தவர் யாருமில்லை, வேறு யாருக்குப் போய்விடும்?

சின்னவளுக்குப் போனது. அவள் அஞ்சல் வழியில் என்னவோ படித்து வைத்திருந்தாளாம். படித்தது பெரியவளுக்கே அன்றுதான் தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் படித்திருக்கிறாள் கள்ளி.

பொறாமை என்று ஒத்துக்கொள்ளப் பெரியவளுக்கு வாய் வரவில்லை. அநியாயம் என்றுதான் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் சின்னவளின் ஷூ சத்தம் வராந்தாவில் கேட்கும்போதெல்லாம் அவள் வயிறு எரிந்தது. ஷூவும் புதிது.

"அக்கா, பட்டையெல்லாம் கட்டில்ல இருக்கே" என்றாள் சின்னவள், குரலைத் தணித்து.

நோயாளியின் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பட்டை அது. மணிக்கட்டில் கட்ட வேண்டியது. டிரிப் ஏற ஏறக் கை வீங்கும், பட்டை இறுக்கும், அறுக்க வேண்டி வரும். அறுத்ததைத் தூக்கிப் போடாமல் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் முடிந்துவிடுவது இந்த வார்டின் பழக்கம். தூரத்திலிருந்தே பெயரைப் படித்துவிடலாம், தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம். யார் ஆரம்பித்து வைத்ததோ, எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

"கை வீங்குது. வீங்குனா அறுத்துத்தான் ஆகணும்."

"அறுத்துட்டு அடுத்த கையில கட்டலாமேக்கா."

"கட்டலாம். எனக்கு நாலு கை இருந்தா கட்டலாம்."

தள்ளுகட்டிலில் கிடந்த ஒருவர் சிரித்தார். சின்னவளும் சிரித்துவிட்டு, கோட் பையிலிருந்து ஒரு கட்டுப் புதுப் பட்டைகளை எடுத்தாள். கட்டில் கட்டிலாகப் போனாள். பக்கத்தில் குனிந்து, "உங்க பேரு என்ன? உங்க வாயால சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டுக் கட்டினாள். இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டுக் கட்டினாள். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த தையல்காரர் புதுக் கடிகாரம் கட்டியதுபோல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதிர்க்கட்டில் லாரிக்காரரிடம் காட்டினார்.

"சின்ன சிஸ்டர் கை பட்டாலே பாதி ஜுரம் விட்டுடும் போல" என்றாள் ஆயாம்மா, துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு.

"மீதி ஜுரத்துக்கு நான் இருக்கேன். நீ அந்தச் சட்டியை எடு" என்றாள் பெரியவள்.

சின்னவள் போன பிறகு மதியத்துக்குள் தையல்காரரின் கை வீங்கியது. "இறுக்குது சிஸ்டர்" என்று நீட்டினார். பெரியவள் கத்திரியை எடுத்து அறுத்தாள். அடுத்த கையில் கட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. சின்னவளுக்காக அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்க அவளுக்கு மனமில்லை. கட்டில் கம்பியில் முடிந்தாள். கத்திரி கையோடு இருந்ததால் எதிர்க்கட்டிலுக்கும் போனாள். லாரிக்காரரின் கை அப்படியொன்றும் வீங்கியிருக்கவில்லை. அதையும் அறுத்தாள்.

சாயங்கால ஷிப்டுக்கு வர வேண்டியவள் வரவில்லை. "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க சிஸ்டர்" என்று ஆபீசிலிருந்து போன் வந்தது. இந்த 'இன்னிக்கு மட்டும்' வாரத்தில் பாதி நாள் வருகிறதுதான். பெரியவள் காலையில் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்தாள். இரண்டு வாய் வைப்பதற்குள் பாதையில் யாரோ வாந்தி எடுத்தார். மூடி வைத்துவிட்டுப் போனாள்.

விளக்குப் போடுகிற நேரத்துக்குச் சர்க்கரை ஊசிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஜன்னலோரக் கட்டில். கம்பியில் தையல்காரரின் பெயர். ஆள் வெளிச்சத்துக்குப் பயந்து தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"தையல்காரரே, வயித்தைக் காட்டுங்க."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து சட்டையை மேலே தூக்கியது. ஆஸ்பத்திரியில் காட்டு என்றால் காட்டுவார்கள், எதற்கு என்று கேட்கமாட்டார்கள். அவள் ஊசியைப் போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்தினாள்.

"சிஸ்டர்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "எனக்குப் போடலியா?"

திரும்பினாள். எதிர்க்கட்டிலில் தையல்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு மூச்சு முட்டுதுன்னாரு. பாவம், காத்தாவது வரட்டுமேன்னு ஜன்னலைக் குடுத்துட்டேன். ராத்திரிக்கு மட்டும்தான் சிஸ்டர்."

பெரியவள் போர்வையை இழுத்தாள். லாரிக்காரர் கண்ணைக் கசக்கினார். சர்க்கரை வியாதி இல்லாத ஆள், மத்தியானத்திலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஆயாம்மாவை டாக்டரிடம் ஓடவிட்டு, குளுக்கோஸ் பாட்டிலைத் தேடி அவள் ஓடினாள். திரும்பி வருவதற்குள் ஆள் வியர்த்து நனைந்திருந்தார். "பிரேக் பிடிக்கல, பிரேக் பிடிக்கல" என்று வலது காலால் மெத்தையை மிதித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் அந்தக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். குளுக்கோஸ் இறங்க இறங்க, கால் மெல்ல அடங்கியது.

டாக்டர் வந்து பார்த்தார். நேரத்தோடு பார்த்துவிட்டீர்கள், பயமில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வார்டிலிருந்து கூப்பிடப் போய்விட்டார். லாரிக்காரருக்குப் பேச்சு வந்ததும் முதலில் சொன்னது, "தப்பு என்மேலதான் சிஸ்டர். நான்தானே எடம் மாறினேன்."

பெரியவள் அவர் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"தையல்காரர் சொன்னாருக்கா."

"சொல்லிட்டாரா? போ, போய் மேலிடத்துல சொல்லு. அதுக்குத்தானே உனக்கு நாற்காலி போட்டிருக்காங்க."

"யாரு செஞ்சாங்கன்னு கேக்கறது என் வேலை இல்லக்கா. ஏன் நடந்துச்சுன்னு கேக்கறதுதான் என் வேலை. பேரு வெளிய வராது. அதுக்கு நான் பொறுப்பு."

பெரியவள் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். பிறகு கொட்டிவிட்டாள். சாயங்காலத்துக்கு ஆள் வராதது, டப்பாவை மூடி வைத்தது, போர்வைக்குள்ளிருந்து வந்த கை, அந்தக் கால் மெத்தையை மிதித்த மிதி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் செத்திருந்தால் என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை.

"பட்டை?" என்றாள் சின்னவள். "நேத்துக் காலையில நான் கையிலதானே கட்டினேன்."

"வீங்குச்சு."

"ரெண்டு பேருக்குமா?"

"ஆமா."

சின்னவள் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டாள். விட்டுவிட்டாளே என்பதுதான் பெரியவளுக்கு இன்னும் சுட்டது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"மாசக் கூட்டத்துல கேக்கப்போறேங்க்கா. வார்டுக்கு இன்னொரு சிஸ்டர் கட்டாயம் வேணும். ஒரே ஆளை ரெண்டு ஷிப்டு நிக்க வெக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை வெச்சே கேட்டா மறுக்க முடியாது" என்று சொல்லி, பெரியவளின் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கினாள். "நீங்க போய்ப் படுங்க. இடுப்புக்கு வெந்நீர் வெச்சுத் தரேன்."

வெந்நீர்ப் பை இதமாகத்தான் இருந்தது. அந்த இதமும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பாத்தியா, சின்னவ உனக்காக நிக்கிறா" என்றார் கணவர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து. "நம்ம வீட்டுலயே அவதான் தலையெடுத்தவ. தம்பி குடுத்து வெச்சவன்."

"நான் என்ன விழுந்தா கிடக்கேன், அவ வந்து தூக்கி நிறுத்த?"

"நல்லதைச் சொன்னாக்கூட உனக்கு ஏன் இப்படி வருது?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் கால் நரம்பு புடைக்க நின்றவளைப் பார்த்து இந்த மனிதர் ஒருநாளாவது தலையெடுத்தவள் என்று சொன்னதுண்டா? மாடியில் சின்னவள் நடக்கிற சத்தம் கேட்டது. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் மாடிக்காரர்களின் காலடியைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும்.

கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பெரியவளுக்கு ஆள் வந்தது. கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் போனாள். நீளமான மேஜை. ஒரு முனையில் ஆஸ்பத்திரி சூப்பிரண்டு. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளிச் சின்னவள். முன்னால் ஆவி பறக்கிற டீ, தட்டில் பிஸ்கட். சின்னவள் அவளைப் பார்த்ததும் கண்ணாலேயே தைரியம் சொன்னாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பெரியவள் கதவோரமாக நின்றாள்.

"வாங்க சிஸ்டர்" என்றார் சூப்பிரண்டு. அவர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். "உங்க வார்டுல ஆள் பத்தலைன்னு பாதுகாப்பு அலுவலர் சொல்றாங்க. ஒரே ஆள் ரெண்டு ஷிப்டு பாக்கறதாகவும், அதனால ஊசி ஆள் மாறிப் போச்சுன்னும் சொல்றாங்க. யாருன்னு கேட்டேன், சொல்ல மாட்டேங்கறாங்க. அது போகட்டும். இந்த வார்டுல உங்களைவிட அனுபவசாலி யாரும் இல்ல. நீங்க சொல்லுங்க. நிஜமாவே சமாளிக்க முடியலையா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் சார், முடியவில்லை என்றால் போதும். அதுதான் நிஜம். அவள் இடுப்பே சாட்சி. ஆனால் அவளுக்கு அப்போது கண்ணில் பட்டது சின்னவளின் கை. டீக் கிளாஸைச் சுற்றி நிதானமாகப் பிடித்திருந்த கை, நகங்களில் மருந்துக் கறை இல்லாத கை. முடியவில்லை என்று சொன்னால் ஆள் வருவார்கள். சின்னவள் கொண்டுவந்த ஆள் என்று வார்டே சொல்லும். ஆயாம்மா சொல்வாள், வீட்டில் கணவர் சொல்வார். இனி ஒவ்வொரு நாளும் அவள் உட்காரக் கிடைக்கும் ஐந்து நிமிடத்துக்கும் சின்னவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "கஷ்டம் எங்கதான் இல்ல? நாங்க சமாளிச்சுக்கறோம். அவங்க வார்டை விட்டுப் போய்க் கொஞ்ச நாளாச்சு, அதான் எல்லாம் பெருசாத் தெரியுது."

சொன்ன பிறகுதான் சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தாள். கோபம் இல்லை. படி இருக்கிறது என்று கால் வைத்து, அங்கே படி இல்லாமல் போனவர்களுக்கு முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போயிருந்தது.

"தேங்க்ஸ் சிஸ்டர். நீங்க போகலாம்" என்றார் சூப்பிரண்டு. மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அந்த வாரமே சின்னவளை அந்தப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆள் பற்றாக்குறை என்று நீங்கள்தானே கேட்டீர்கள், அதனால் உங்களையே போடுகிறோம் என்றார்களாம். பெரியவளின் வார்டில் அல்ல, பின்கட்டடத்தில், தீக்காயப் பிரிவில். நிரந்தர ராத்திரி ஷிப்டு. தரச் சான்றுக்கு ஆய்வு செய்ய வருகிறவர்கள் பாதுகாப்பு அலுவலர் எங்கே என்று கேட்பார்களே என்பதற்காகப் பெரியவளைக் கூப்பிட்டு, பச்சை நாடாவோடு பேட்ஜைக் கையில் கொடுத்தார் சூப்பிரண்டு.

"அனுபவத்துக்குக் கிடைச்ச மரியாதை சிஸ்டர். வார்டு வேலையோட சேர்த்து இதையும் பாத்துக்கோங்க."

"அந்த ரூம் சார்?"

"ரூம் எதுக்கு? நீங்க வார்டுலதானே இருக்கப்போறீங்க."

திரும்பி வரும்போது மருந்தகத்துக்குப் பக்கத்து அறை திறந்து கிடந்தது. இரண்டு பேர் மேஜையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே உத்தரத்தைத் தொடுமளவு குளுக்கோஸ் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அந்த முதுகு சாய்கிற நாற்காலி, வாசலில் செக்யூரிட்டிக்குப் போய்விட்டதாம்.

வீட்டில் சண்டை எதுவும் வரவில்லை. பெரியவள் சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே காத்திருந்தாள். வேலைக்குக் கிளம்பிய சின்னவள் இறங்கி வந்தாள். தூங்காத கண், பழைய ஷூ. கூட்டத்தில் தான் சொன்னது இருக்கட்டும், அந்தப் பட்டைகளை அறுத்ததையாவது சொல்லிவிடலாம் என்று இருந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்க, சிஸ்டர்" என்றாள் சின்னவள்.

வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அக்கா என்ற சொல் ஒட்டாமல் அவள் பேசியதே இல்லை. பெரியவள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள்.

ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். பேட்ஜோடு அவளைக் கட்டில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். அவள் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலில், செக்யூரிட்டியின் நாற்காலிக்கு மேலே மாட்டினார்கள்.

தையல்காரரும் லாரிக்காரரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜன்னலோரக் கட்டிலுக்கு ஒரு கொத்தனார் வந்தார். இன்றும் சாயங்காலத்துக்கு ஆள் வரவில்லை. "இன்னிக்கு மட்டும் சிஸ்டர்" என்று போன் வந்தது. அவள் குனியும்போதெல்லாம் பேட்ஜ் முன்னால் விழுந்து நோயாளியின் முகத்தில் இடித்தது. அதைப் பிடித்து முதுகுப்பக்கம் தள்ளிவிட்டாள்.

கொத்தனாரின் கை வீங்கியிருந்தது. பட்டை சதைக்குள் பதிந்திருந்தது. அவர் போர்த்திக்கொண்டு அசந்து தூங்கினார். அவள் கத்திரியால் மெதுவாக அறுத்தாள். புதுப் பட்டையை எடுத்துப் பெயர் எழுதினாள். கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய், அடுத்த கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்தாள். இரண்டு விரலை நுழைத்து அளவு பார்த்தாள்.

"உங்க பேரு என்ன?" என்றாள், அவர் காதருகே குனிந்து. "உங்க வாயால சொல்லுங்க."

கொத்தனார் முனகினார், விழிக்கவில்லை. தோளைத் தொட்டு உலுக்கினாள். "பேரைச் சொல்லுங்கய்யா."

கதவோரத்தில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. "சிஸ்டர்! இங்க வாங்க, விழுந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். பாதையிலிருந்து இன்னொருவர் கூப்பிட்டார். ஆயாம்மா எங்கே போனாளோ காணோம். பெரியவள் கொத்தனாரின் கையைப் போர்வைக்குள் வைத்தாள். பட்டையைக் கட்டில் கம்பியில் ஒரே முடிச்சாக முடிந்துவிட்டு, தள்ளுகட்டில்களை இடுப்பால் இடித்து விலக்கிக்கொண்டு ஓடினாள். முதுகில் பச்சை நாடாவில் பேட்ஜ் அடித்துக்கொண்டே போனது.